பழைய டூல் செஸ்ட் எந்த வருடத்தது? கண்டுபிடிக்கும் வழி

அமெரிக்காவிலோ கனடாவிலோ வீடு வாங்கி, கராஜில் ஸ்பேனரும் சுத்தியலும் சேர ஆரம்பித்ததும் அடுத்துத் தேவைப்படுவது ஒரு நல்ல டூல் செஸ்ட். புதிதாக வாங்கப் போனால் விலை கையைக் கடிக்கும். கராஜ் சேலிலும் எஸ்டேட் சேலிலும் பழைய பெட்டிகள் பாதி விலைக்கும் குறைவாகக் கிடைக்கின்றன. தகடு கனமாக இருக்கும், டிராயர்கள் இன்னும் ஓடும், ஆலையில் லேத் மாதிரி இயந்திரங்களில் வேலை செய்யும் ஒரு மெஷினிஸ்ட் தன் வேலைக்காலம் முழுக்க வைத்திருந்த பெட்டியாகக்கூட இருக்கலாம். விற்பவரைக் கேட்டால் "என் தாத்தாவுடையது, ரொம்பப் பழசு" என்பார். எவ்வளவு பழசு என்பதை நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

வருடம் தெரிந்து என்ன ஆகப்போகிறது என்று கேட்கலாம். தொலைந்த சாவிக்கும் உடைந்த டிராயர் தண்டவாளத்துக்கும் மாற்று தேடும்போது அந்தத் தலைமுறைப் பெட்டியின் பாகம்தான் பொருந்தும். விலை பேசவும் இது உதவும். பழைய பெயின்டைச் சுரண்டலாமா கூடாதா என்று முடிவெடுக்கவும் தோராயமான வயது வேண்டும்.

பெரும்பாலான பெட்டிகளில் தயாரித்த தேதி என்று எதுவும் அச்சிட்டிருக்காது. கார் மாதிரி வரிசை எண்ணைத் தட்டினால் வருடம் வந்து விழும் பொருள் இல்லை இது. அதனால் "எந்த வருடம்?" என்று தேடாமல் இரண்டு கேள்விகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். எந்த வருடத்துக்கு முன்னால் இது இருந்திருக்கவே முடியாது? எந்த வருடத்தில் இது நிச்சயம் இருந்தது? முதலாவதை முன் எல்லை என்போம், இரண்டாவதைப் பின் எல்லை என்போம். இந்த இரண்டையும் நெருக்கிக்கொண்டே போவதுதான் வேலை.

இதில் புதியவர்கள் கவனிக்க வேண்டிய முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. பெட்டியில் உள்ள புதுமையான அடையாளம் உறுதியாகப் பேசும். பழமையான அடையாளம் அப்படிப் பேசாது. 1963-இல் வந்த ஒரு குறியீடு ஸ்டிக்கரில் இருந்தால் அந்த ஸ்டிக்கர் 1963-க்கு முந்தையது அல்ல, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் பழைய பாணி எழுத்தோ பழைய பாணி ஸ்க்ரூவோ இருப்பதால் பெட்டி பழசு என்று ஆகிவிடாது. பழைய வழக்கங்கள் புதியவை வந்த பிறகும் பல வருடம் ஓடும். பழைய தோற்றத்தை மட்டும் பார்த்து "முப்பதுகளின் பெட்டி" என்று விலை சொல்பவர்கள் தவறுவது இங்கேதான்.

துடைப்பதற்கு முன்

பெட்டி வீட்டுக்கு வந்ததும் கை பரபரக்கும். தயவுசெய்து தின்னர், பெட்ரோல், ஆல்கஹால் எதையும் எடுக்காதீர்கள். பழைய ஸ்டிக்கரின் மசி ஒரே இழுப்பில் போய்விடும், அதோடு முக்கியமான சாட்சியும் போய்விடும். டிராயர் அடியில் விரித்திருக்கும் பழைய காகிதத்தையும் தூக்கி எறியாதீர்கள். முதலில் எல்லாப் பக்கமும் போட்டோ எடுங்கள். முன்பக்கம், பின்பக்கம், மூடியின் உள்பக்கம், ஒவ்வொரு டிராயரையும் வெளியே எடுத்து அதன் அடிப்பக்கம், பின் சுவர், டிராயர்கள் போன பிறகு தெரியும் கூட்டின் உள்பக்கம், பெட்டியைக் கவிழ்த்து அதன் அடி.

தேய்ந்துபோன அச்சைப் படிக்க, அறை விளக்கை அணைத்துவிட்டு செல்போன் டார்ச்சைத் தகட்டோடு ஒட்டினாற்போலப் பக்கவாட்டில் பிடியுங்கள். நேர் வெளிச்சத்தில் தெரியாத பள்ளங்கள் நிழலோடு எழுந்து நிற்கும். அப்படியும் தெரியவில்லையென்றால் மெல்லிய தாளை மேலே வைத்து பென்சிலைச் சாய்த்துத் தேயுங்கள். அழுக்கு அதிகமென்றால் ஈரத்துணி போதும், அதையும் ஒரு மூலையில் சோதித்துவிட்டு.

முதலில் செய்தவர் யார்

மர டிராயர், பச்சை ஃபெல்ட் துணி, நடுவில் சின்னக் கண்ணாடி, முன்னால் மூடிப் பூட்டும் பலகை என்று இருந்தால் அது மெஷினிஸ்ட் செஸ்ட். அளவுகருவிகளை வைத்துக்கொள்ள லேத், டை வேலைக்காரர்கள் சொந்தக் காசில் வாங்கி ஆலைக்குத் தூக்கிப் போன பெட்டி. இந்த வகையில் பெரிய பெயர் ஒஹையோ மாநிலம் டேட்டனில் இருக்கும் எச். கெர்ஸ்ட்னர் அண்ட் சன்ஸ். வார்ப்பு வேலைக்கான மர அச்சுகளை (பேட்டர்ன்) செய்யும் தச்சரான ஹாரி கெர்ஸ்ட்னர் தனக்கென்று ஒரு பெட்டி செய்துகொண்டார். கூட வேலை பார்த்தவர்கள் "எனக்கும் ஒன்று" என்று கேட்க, 1906-இல் அதுவே தொழிலானது. கம்பெனி இன்றும் நடக்கிறது. கெர்ஸ்ட்னர் இன்டர்நேஷனல் என்ற பெயர் இருந்தால் அது வெளிநாட்டில் செய்து வரும் பிற்கால வரிசை; டேட்டன் பெட்டியின் விலையை அதற்குக் கொடுக்காதீர்கள்.

அதே வேலைக்கான இரும்புப் பெட்டி, சுருங்கிய தோல் மாதிரி சொரசொரப்பான பழுப்பு பெயின்டோடு இருந்தால் அது அநேகமாகக் கென்னடி. 1911-இல் தொடங்கிய கென்னடி மேனுஃபாக்சரிங், ஒஹையோவின் வான் வெர்ட் ஊரைச் சேர்ந்தது. பழைய பெட்டிகளில் "கென்னடி கிட்ஸ்" என்ற பெயரைப் பார்க்கலாம். இவர்களுடைய 520, 526 போன்ற மாடல்கள் பல பத்தாண்டுகளாகக் கிட்டத்தட்ட ஒரே வடிவில் வருகின்றன. ஆகவே கென்னடியில் மாடல் எண்ணை வைத்து மட்டும் வயது சொல்ல முடியாது.

சிவப்போ சாம்பலோ பூசி, கார் வேலைக்காக அடுக்கடுக்காக நிற்கும் பெட்டி என்றால் கிராஃப்ட்ஸ்மன்தான் அதிகம் கண்ணில் படும். இது சியர்ஸ் கடையின் பிராண்டு, 1927-இல் பதிவானது. சியர்ஸ் சொந்தமாகப் பெட்டி செய்யவில்லை, வேறு கம்பெனிகளிடம் செய்து வாங்கியது. மாடல் எண்ணில் புள்ளிக்கு முன்னால் இருக்கும் மூன்று இலக்கம் அந்தக் கம்பெனி எது என்று சொல்லும். 706 என்று தொடங்கினால் வாட்டர்லூ இண்டஸ்ட்ரீஸ். 1922-இல் அயோவாவின் வாட்டர்லூ ஊரில் ஆரம்பித்தது. இந்த மூன்று இலக்கம் செய்தவரைத்தான் சொல்கிறது, வருடத்தை அல்ல. இணையத்தில் விற்பவர்கள் பலர் இதைத் தேதிக் குறியீடு என்று நினைத்து விளக்கம் எழுதுகிறார்கள்.

பெயரே இல்லாத பெட்டியாக இருந்தாலும் விட்டுவிடாதீர்கள். கீழே சொல்லும் பெரும்பாலான வழிகள் அதற்கும் செல்லும்.

முகவரி: கைவசம் இருக்கும் சிறந்த சாட்சி

ஸ்டிக்கரிலோ பெயர்த்தகட்டிலோ கம்பெனியின் ஊர் இருந்தால் பாதி வேலை முடிந்தது. ஊர்ப் பெயரை விட அதைச் சுற்றி இருக்கும் எண்கள்தான் நமக்கு வேண்டும்.

அமெரிக்காவில் 1943-இல் பெரிய நகரங்களுக்கு அஞ்சல் மண்டல எண் வந்தது. ஊருக்கும் மாநிலத்துக்கும் நடுவில் ஒன்றிரண்டு இலக்கம் இருக்கும்: "சிகாகோ 7, இல்லினாய்" என்பதுபோல. 1963 ஜூலையில் அதற்குப் பதிலாக ஐந்து இலக்க ஜிப் கோடு வந்தது. ஆகவே ஒன்றிரண்டு இலக்கம் இருந்தால் முன் எல்லை 1943. ஐந்து இலக்கம் இருந்தால் முன் எல்லை 1963. மண்டல எண் இருப்பதால் 1963-க்குள் செய்தது என்றும் பெரும்பாலும் சொல்லலாம், ஆனால் ஒன்றிரண்டு வருடம் தளர்த்திக்கொள்ளுங்கள். அச்சடித்து வைத்த ஸ்டிக்கர் கட்டைத் தீர்க்காமல் எந்தக் கம்பெனியும் புதிது அடிக்காது. ஜிப் கோடுக்குப் பின்னால் ஒரு கோடும் மேலும் நான்கு இலக்கமும் இருந்தால் 1983-க்குப் பிந்தையது.

மாநிலப் பெயரை இரண்டு பெரிய எழுத்தில் சுருக்கும் வழக்கமும் ஜிப் கோடோடு சேர்ந்துதான் வந்தது. இரண்டெழுத்துச் சுருக்கம் இருந்தால் 1963-க்குப் பின். புள்ளி வைத்த பழைய சுருக்கம் இருந்தால்? ஒன்றும் சொல்ல முடியாது. அதற்குப் பிறகும் பலர் பழைய வழக்கத்திலேயே எழுதினார்கள்.

தொலைபேசி எண் இருந்தால் இன்னும் நல்லது. டேட்டன் ஊரின் ஏரியா கோடு 1996 வரை 513, அதன் பிறகு 937. கெர்ஸ்ட்னர் பெட்டியோடு வந்த காகிதத்தில் 937 இருந்தால் அந்தக் காகிதம் 1996-க்கு முன்னால் அச்சானதல்ல. சிகாகோவின் புறநகர்கள் 1989-இல் 312-லிருந்து 708-க்குப் போயின. வடமேற்குப் பகுதி 1996-இல் 847 ஆனது. 800 என்று தொடங்கும் இலவச எண் 1967-க்குப் பின், 888 என்றால் 1996-க்குப் பின். இணைய முகவரி இருந்தால் தொண்ணூறுகளின் நடுவிலோ அதற்குப் பிறகோ.

கிராஃப்ட்ஸ்மன் வைத்திருப்பவர்கள் சியர்ஸ் முகவரியைக் கவனியுங்கள். நீண்ட காலம் "சியர்ஸ், ரோபக் அண்ட் கோ., சிகாகோ" என்றிருந்தது, தலைமையகம் தொண்ணூறுகளின் முற்பாதியில் ஹாஃப்மன் எஸ்டேட்ஸ் என்ற புறநகருக்கு மாறியதும் முகவரியும் மாறியது. கேமார்ட் என்ற இன்னொரு கடைச் சங்கிலியோடு சேர்ந்து 2005-இல் சியர்ஸ் ஹோல்டிங்ஸ் ஆனது. 2017-இல் கிராஃப்ட்ஸ்மன் பிராண்டை ஸ்டான்லி பிளாக் அண்ட் டெக்கர் வாங்கியது. இந்த நான்கு பெயர்களில் எது இருக்கிறது என்று பார்த்தாலே பெட்டியைச் சரியான காலத்தில் போட்டுவிடலாம்.

டொரொண்டோ, ஸ்கார்பரோ பக்கம் வாங்குபவர்களுக்கு வேறு கணக்கு. கனடாவில் எழுத்தும் எண்ணும் மாறி மாறி வரும் ஆறு இடத் தபால் குறியீடு 1971-இல் ஒட்டாவாவில் தொடங்கி 1974-க்குள் நாடு முழுக்கப் பரவியது. அதற்கு முன் "டொரொண்டோ 2" என்பதுபோல மண்டல எண்தான். ஏரியா கோடு 905 என்றால் 1993-க்குப் பின், அதுவரை அந்தப் பகுதிகளும் 416-தான். கனடாவில் சியர்ஸ் ஐம்பதுகளின் தொடக்கத்திலிருந்து சிம்சன்ஸ்-சியர்ஸ் என்ற பெயரில் நடந்தது, 1984-இல்தான் சியர்ஸ் கனடா ஆனது.

பதிவுக் குறிகள்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பிராண்டு பெயருக்குப் பக்கத்தில் வட்டத்துக்குள் ஆர் எழுத்து இருந்தால் 1947-க்குப் பின். அமெரிக்காவில் 1946-இல் இயற்றி அடுத்த வருடம் நடைமுறைக்கு வந்த வணிகக் குறிச் சட்டம்தான் அந்தக் குறியைக் கொண்டுவந்தது. அதற்கு முன் "ரெஜ். யு.எஸ். பேட். ஆஃப்." என்று நீட்டி எழுதுவார்கள், பிறகும் பலர் அப்படியே எழுதினார்கள். அதில் "டி.எம்." சேர்ந்து வந்தால் முன் எல்லை 1975, ஏனென்றால் அந்த வருடம்தான் அமெரிக்க பேட்டன்ட் அலுவலகத்தின் பெயரில் டிரேட்மார்க் என்ற சொல் சேர்ந்தது. பார்கோடு இருந்தால் 1974-க்குப் பின். நச்சு ரசாயனங்களைப் பற்றிய கலிபோர்னியாவின் புரொபசிஷன் 65 எச்சரிக்கை இருந்தால் எண்பதுகளின் பிற்பாதி அல்லது அதற்குப் பின். உள்ளே கிடக்கும் கருவியிலோ பூட்டிலோ "ஆக்குபைட் ஜப்பான்" என்றிருந்தால் அது 1952-க்குள் செய்தது, "மேற்கு ஜெர்மனி" என்றிருந்தால் 1949-க்கும் 1990-க்கும் நடுவில். ஆனால் அவை அந்தப் பாகத்தின் வயதுதான்; பெட்டியின் வயதென்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பேட்டன்ட் எண்ணைப் படிப்பது

இந்தப் படியில் கொஞ்சம் நேரம் செலவழியுங்கள். எனக்கு மிகவும் பிடித்த படி இதுதான், ஏனென்றால் ஒரு எண்ணிலிருந்து அந்தப் பூட்டையோ டிராயரையோ யோசித்த மனிதரின் பெயரும் வரைபடமும் வரை போய்விடலாம்.

அமெரிக்க பேட்டன்ட் எண்கள் வரிசையாகப் போகும். பத்து லட்சமாவது பேட்டன்ட் 1911-இல், இருபது லட்சமாவது 1935-இல், முப்பது லட்சமாவது 1961-இல், நாற்பது லட்சமாவது 1976-இன் கடைசி வாரத்தில். இதை மனதில் வைத்தாலே தோராயமாகப் பிடித்துவிடலாம். இன்னும் நெருக்கமாக வேண்டுமானால் சில வருடங்களின் முதல் எண் இதோ: 1940-க்கு 21,85,170, 1950-க்கு 24,92,944, 1960-க்கு 29,19,443, 1970-க்கு 34,87,470. நம் ஊர்க் கணக்கில் காற்புள்ளி போட்டிருக்கிறேன். பெட்டியில் மூன்று மூன்று இலக்கமாகப் பிரித்திருப்பார்கள், இலக்கங்கள் ஒன்றுதான். எண்ணை கூகுள் பேட்டன்ட்ஸில் போட்டால் முழு ஆவணமும் இலவசமாக வரும்.

அந்த ஆவணத்தில் இரண்டு தேதி இருக்கும்: விண்ணப்பித்தது, வழங்கியது. எண் அச்சானதென்றால் வழங்கிய பிறகுதான், ஆகவே வழங்கிய தேதிதான் முன் எல்லை. எண் இல்லாமல் "பேட். பெண்டிங்" என்று மட்டும் இருந்து, அந்த அமைப்பின் பேட்டன்ட்டை வேறு பெட்டியில் பார்த்த எண்ணை வைத்துப் பிடித்துவிட்டீர்கள் என்றால் உங்கள் பெட்டி விண்ணப்பித்ததற்கும் வழங்கியதற்கும் இடைப்பட்ட ஒன்றிரண்டு வருடத்துக்குள் வந்துவிடும். இதைவிடக் குறுகிய இடைவெளி வேறெந்த வழியிலும் எளிதில் கிடைக்காது.

பல எண்கள் இருந்தால் பெரிய எண்ணைப் பாருங்கள். சின்ன எண் பெட்டி பழசு என்பதற்குச் சான்றில்லை. பேட்டன்ட் உரிமை அந்தக் காலத்தில் வழங்கிய நாளிலிருந்து 17 வருடம் நீடித்தது, அத்தனை வருடமும் அதே எண்ணை அச்சிடலாம். "டெஸ்." என்ற முன்னொட்டு இருந்தால் அது வடிவமைப்பு பேட்டன்ட். அதற்குத் தனி வரிசை, மேலே சொன்ன கணக்கு பொருந்தாது.

இன்னும் பழைய பெட்டிகளில் எண் இல்லாமல் தேதி மட்டும் இருக்கும்: "பேட். ஜூன் 5, 1917" என்பதுபோல. 1927-இல் சட்டம் மாறி, அதன் பிறகு வழங்கிய பேட்டன்ட்களுக்கு எண்ணைப் போட வேண்டியதானது. தேதி தேய்ந்திருந்தால் ஒரு வழி இருக்கிறது. அமெரிக்க பேட்டன்ட்கள் செவ்வாய்க்கிழமைகளில்தான் வழங்கப்படுகின்றன, அன்றும் அப்படித்தான். மாதமும் வருடமும் தெரிந்து நாள் மட்டும் அழிந்திருந்தால் அந்த மாதத்தின் செவ்வாய்களை எண்ணுங்கள். 1917 ஜூனில் 5, 12, 19, 26 என்று நான்குதான். நான்கு தேதிகளின் பட்டியலில் பூட்டு, பெட்டி சம்பந்தப்பட்டதைத் தேடினால் போதும். நீங்கள் படித்த தேதி செவ்வாயில் விழவில்லையென்றால் திரும்ப டார்ச்சை எடுங்கள், ஏதோ ஓர் இலக்கத்தைத் தவறாகப் படித்திருக்கிறீர்கள்.

கேட்டலாக்கில் தேடுவது

மாடல் எண்ணோ வடிவமோ தெரிந்துவிட்டால் அடுத்து பழைய விற்பனைக் கேட்டலாக்குகள். இன்டர்நெட் ஆர்க்கைவில் ஸ்கேன் செய்த கேட்டலாக்குகள் ஏராளம். சியர்ஸ் வருடாவருடம் கேட்டலாக் போட்ட கம்பெனி. அதன் பெரிய பொதுக் கேட்டலாக் 1993-இல்தான் நின்றது, கருவிகளுக்குத் தனிக் கேட்டலாக்கும் வந்தது.

தேடும்போது பெட்டியின் பொதுத் தோற்றத்தை ஒப்பிடாதீர்கள், அது மாறவே மாறாது. மாறக்கூடிய சின்ன விஷயங்களைப் பாருங்கள்: கைப்பிடியின் வளைவு, மூலைக் காப்புகள், டிராயர் இழுக்கும் பிடி தனித் துண்டா அல்லது தகட்டையே மடித்ததா, பிராண்டு எழுத்தின் வடிவம், டிராயர்களின் எண்ணிக்கையும் உயரமும், பூட்டு நடுவிலா ஓரத்திலா. இந்த வருடக் கேட்டலாக்கில் ஒரு பிடி, அடுத்த வருடத்தில் வேறு பிடி என்றால் உங்களுக்கு ஓர் எல்லை கிடைத்துவிட்டது. படம் ஓவியமாக இருந்தால் கொஞ்சம் எச்சரிக்கை வேண்டும், பெட்டி மாறிய பிறகும் பழைய ஓவியத்தையே ஓரிரு வருடம் அச்சிடும் வழக்கம் இருந்தது.

உடம்பு சொல்வது

ஸ்க்ரூத் தலைகளைப் பாருங்கள். கூட்டல் குறி போட்ட பிலிப்ஸ் ஸ்க்ரூ 1936-இல் காடிலாக் கார்களில் நுழைந்து அங்கிருந்து பரவியது. பெட்டியின் மூல ஸ்க்ரூக்கள் பிலிப்ஸ் என்றால் முப்பதுகளின் பிற்பகுதிக்கு முன்னால் போக முடியாது. நேர்க்கோட்டுத் தலையாக இருந்தால் எதுவும் நிரூபணமாகாது. மேசோனைட் எனும் அழுத்திய மரநார்ப் பலகை டிராயர் அடியிலோ பின்சுவரிலோ இருந்தால் இருபதுகளின் பிற்பகுதி அல்லது அதற்குப் பின். நிக்கல், குரோம் பூச வேண்டிய இடங்களில் பூச்சே இல்லாமல் பெயின்ட் மட்டும் இருந்தால் போர்க்காலமா என்று யோசிக்கலாம். இரண்டாம் உலகப் போரின்போது அந்த உலோகங்களுக்கு அமெரிக்க அரசு கட்டுப்பாடு வைத்திருந்தது. யோசிக்கலாம் என்றுதான் சொல்கிறேன், மலிவுப் பெட்டிகள் எல்லாக் காலத்திலும் பூச்சில்லாமல் வந்திருக்கின்றன.

பந்து பேரிங் தண்டவாளம், பிளாஸ்டிக் பிடி, ஒட்டும் ஃபோம் விரிப்பு எல்லாம் பிற்காலத்தைக் காட்டும். ஆனால் அவை பெட்டியோடு பிறந்தவையா என்று முதலில் பார்க்க வேண்டும். ஒரு பாகம் மாற்றியதா என்பதற்கு அதன் நிழல்தான் சாட்சி. கைப்பிடியைச் சுற்றி பெயின்ட் வேறு நிறத்தில் இருக்கிறதா, பயன்படாத பழைய துளைகள் தெரிகின்றனவா, மற்ற ரிவெட்டுகள் துருவேறியிருக்க இது மட்டும் பளபளக்கிறதா? அடிக்கடி மாற்றப்படுவது பூட்டு, பிறகு சக்கரங்கள், பிறகு கைப்பிடி. பூட்டின் முகத்தில் ஈகிள், கார்பின் என்று பூட்டுக் கம்பெனியின் பெயர் இருக்கலாம். அது பெட்டி செய்தவரின் பெயர் என்று குழம்ப வேண்டாம்.

இரும்பில் மறுபெயின்ட் அடித்திருக்கிறதா என்பதை டிராயர் எடுத்த கூட்டின் உள்பக்கம் காட்டிக்கொடுக்கும். அங்கே யாரும் மெனக்கெட்டு அடிப்பதில்லை.

முன்பு வைத்திருந்தவர் விட்டுப்போனது

பின் எல்லை பெரும்பாலும் இங்கிருந்துதான் கிடைக்கும். மெஷினிஸ்டுகள் பெட்டியில் பெயரைப் பொறிப்பார்கள், சிலர் வாங்கிய தேதியையும் மூடியின் உள்பக்கம் பென்சிலில் எழுதியிருப்பார்கள். அப்படித் தேதியோடு கையெழுத்து இருந்தால் அந்த நாளில் பெட்டி இருந்தது, அவ்வளவு நேரடியான சாட்சி. ஆலையின் சொத்துத் தகடு, ஆலையில் கருவியை இரவல் வாங்கும்போது கொடுக்கும் பித்தளை வில்லை, சம்பளச் சீட்டு, யூனியன் அட்டை போன்றவை டிராயர் இடுக்கில் விழுந்து கிடக்கும். டிராயரை எடுத்த பிறகு கூட்டின் அடியைக் கையால் தடவிப் பாருங்கள்.

டிராயரில் விரித்த செய்தித்தாளை அந்த அளவுக்கு நம்ப முடியாது. 1958-ஆம் வருடத் தாள் விரித்திருந்தால் விரித்த நாள் 1958-இலோ அதற்குப் பிறகோ, அவ்வளவுதான் நிச்சயம். பெட்டி அதற்கு முன்பே பத்து வருடம் இருந்திருக்கலாம். அடுக்கடுக்காக இருந்தால் அடித்தாளின் தேதியைப் பாருங்கள்.

விற்கும் குடும்பத்தாரிடம் "எப்போது வாங்கினார்?" என்று கேட்டால் பதில் வராது. "எந்த ஆலையில் வேலை பார்த்தார், எப்போது சேர்ந்தார்?" என்று கேளுங்கள். அது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்கும். வேலைக்குச் சேர்ந்த புதிதில்தான் பெரும்பாலோர் பெட்டி வாங்கினார்கள். அதோடு அவர்களுக்கும் பேச ஓர் இடம் கிடைக்கும். தாத்தாவின் பெட்டியை ஒருவர் அக்கறையாக விசாரிப்பதை அவர்கள் விரும்பவே செய்வார்கள்.

எல்லாவற்றையும் சேர்த்துப் பார்ப்பது

ஒரு தாளில் இரண்டு பத்தி போடுங்கள், இடதுபுறம் முன் எல்லை, வலதுபுறம் பின் எல்லை. ஒரு கற்பனைப் பெட்டியை வைத்துச் செய்து பார்ப்போம்.

பெயர் பரிச்சயமில்லாத ஓர் இரும்பு மெஷினிஸ்ட் செஸ்ட். ஸ்டிக்கரில் "சிகாகோ 7" என்று மண்டல எண். இடதில் 1943, வலதில் 1963 அல்லது சற்றுப் பின். பிராண்டுக்குப் பக்கத்தில் வட்டத்துக்குள் ஆர், ஆகவே இடது 1947-க்கு நகர்கிறது. பூட்டுச் சட்டத்தில் 26,30,000-ஐ ஒட்டிய பேட்டன்ட் எண்; ஆவணத்தை எடுத்தால் வழங்கிய வருடம் 1953. இடது 1953. ஸ்க்ரூக்கள் பிலிப்ஸ். அதிலிருந்து புதிதாக ஒன்றும் தெரியவில்லை, முரணும் இல்லை. மூடிக்குள் பென்சிலில் ஒரு பெயரும் 1959 என்ற வருடமும். வலது 1959. கேட்டலாக்கில் 1955 வரை இந்த மாடலுக்கு வட்டப் பிடி, 1956-இலிருந்து நம் பெட்டியில் உள்ள தட்டைப் பிடி. இடது 1956. ஆக 1956-க்கும் 1959-க்கும் நடுவில்.

இந்த நிலையில் ஒரு சாட்சி மட்டும் ஒத்துப்போகாமல் நிற்கும், அனேகமாக எல்லாப் பெட்டியிலும் நிற்கும். எழுபதுகளின் பூட்டு என்று வைத்துக்கொள்வோம். எல்லாவற்றையும் கலைத்துவிட்டு பெட்டி எழுபதுகளைச் சேர்ந்தது என்று போய்விடாதீர்கள். அந்தப் பாகத்தைச் சுற்றி நிழலும் பழைய துளையும் தேடுங்கள். மாற்றியதற்கான தடயம் கிடைத்தால் அதைக் கணக்கிலிருந்து எடுத்துவிடலாம். தடயமே இல்லை, மூல ரிவெட்டோடு உட்கார்ந்திருக்கிறது என்றால் அதன் பேச்சைக் கேட்டுத்தான் ஆக வேண்டும்; அப்போது மூடிக்குள் இருக்கும் 1959 என்ன என்று திரும்ப யோசியுங்கள். அது பிறந்த வருடமாகவோ ஆலையின் எண்ணாகவோ இருக்கலாம்.

மூன்று நான்கு வருட இடைவெளி கிடைத்தால் அருமையான முடிவு. பத்து வருடம் என்றாலும் பூட்டும் தண்டவாளமும் தேட அது போதும். அதற்கு மேல் நெருக்க வேண்டுமென்றால் கெர்ஸ்ட்னர், கென்னடி இரண்டுக்கும் போட்டோக்களோடு எழுதிக் கேட்கலாம். பெயர்த்தகடு, பூட்டு, ஒரு டிராயரின் மூலை இணைப்பு ஆகியவற்றின் தெளிவான படங்களை அனுப்பி, உங்கள் இரண்டு பத்தித் தாளையும் சேர்த்து அனுப்புங்கள். இதுவரை கண்டுபிடித்ததைச் சொல்லிக் கேட்பவருக்குப் பதில் எழுதுவது யாருக்கும் எளிது.

கடைசியாகப் பெயின்ட். அமெரிக்காவில் வீட்டு உபயோகப் பெயின்டில் ஈயத்தை 1978-இல் தடை செய்தார்கள், தொழிற்சாலைப் பூச்சுகளில் அதற்குப் பிறகும் ஈயம் இருந்தது. உங்கள் இடது பத்தியில் எண்பதுகளுக்கு முந்தைய வருடம் இருந்தால் உலர்வாக மணல்தாள் போடாதீர்கள், கிரைண்டர் வைக்காதீர்கள். அந்தத் தூசி குழந்தைகள் விளையாடும் கராஜ் தரையில்தான் படியும். ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் ஈயச் சோதனைக் குச்சியால் ஒரு மூலையில் சோதித்துப் பாருங்கள். ஈயம் இருந்தால் ஈரத்துணியால் துடைத்து, மெழுகு பூசி, மூலப் பெயின்டை அப்படியே விட்டுவிடலாம். பழைய பெட்டி வாங்கும் பலரும் மூலப் பெயின்டைத்தான் விரும்புகிறார்கள், பின்னால் விற்க நேர்ந்தாலும் நஷ்டமில்லை.